தனியாக நெடுந்தூரம் பைக் ஓட்டப் பொறுமை பழகுவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் குழித்துறை, மார்த்தாண்டம், சுவாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று ஒரு ஜங்ஷன் முடியும் இடத்திலேயே அடுத்த ஜங்ஷன் தொடங்கிவிடும். பாறைக்கல் ஏற்றிய டாரஸ் லாரி முன்னால் போகும், பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும், நடுவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள். இந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவருக்குப் பொறுமை பழக வேறெங்கும் போகவேண்டியதில்லை. நம் மாவட்டமே அதற்குப் போதுமான பள்ளிக்கூடம்.

தனியாக மதுரைக்கோ பெங்களூருக்கோ, அல்லது தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து ஸ்ரீநகர் வரைக்குமோ போக ஆசைப்படுகிறவர்கள் வண்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். எந்த டயர், எந்த ஜாக்கெட், எத்தனை சிசி? அதெல்லாம் தேவைதான். ஆனால் தனிப்பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வண்டி இல்லை, அவசரம்தான். கூட யாரும் இல்லாதபோது ‘கொஞ்சம் மெதுவா போடே’ என்று சொல்லவும் ஆள் இருக்காது. பொறுமை பிறவியிலேயே வரவேண்டிய குணம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதில் பெரும்பகுதி ஏற்பாடுதான். நேரம், தண்ணீர், தூக்கம், முன்கூட்டியே எடுத்துவைத்த சில முடிவுகள், இவற்றைச் சரியாக அமைத்துவிட்டால் சாதாரண ஆளுக்கும் பொறுமை வரும். அவற்றை அமைக்கும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: எங்கே பொறுமை போகிறது என்று கண்டுபிடியுங்கள்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கவேண்டும். வழக்கமாகப் போகும் வேலைக்கும் கடைக்குமே போய்வாருங்கள். எப்போதெல்லாம் எரிச்சல் வந்தது என்று, வண்டியை நிறுத்திய பிறகு, ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். எந்த இடம், எத்தனை மணி, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, முந்தின இரவு எவ்வளவு தூங்கினீர்கள், வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பினீர்களா? இவ்வளவு போதும்.

இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலானவர்களுக்கு எரிச்சலின் காரணம் முன்னால் போன ஆட்டோவாக இருக்காது. காலையில் பத்து நிமிடம் பிந்திக் கிளம்பியதோ, மதியம் ஒரு மணியைத் தாண்டியும் சாப்பிடாததோதான் காரணமாக இருக்கும். சிலருக்கு வெயில், சிலருக்குப் பின்னாலிருந்து அடிக்கும் ஹாரன். உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். நெடும்பயணத்தில் அதே காரணம்தான் பெரிதாகி வரும்.

படி 2: முந்திச் செல்வதைக் கணக்காகப் பாருங்கள்

‘அவசரப்படாதே’ என்று அப்பா சொன்னால் கேட்காத மனசு, கணக்குச் சொன்னால் கேட்கும். என் விஷயத்தில் அது வேலை செய்திருக்கிறது, அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்திலேயே போனால் 80 நிமிடம் ஆகும். 70-ல் போனால் 69 நிமிடம். வித்தியாசம் பதினொரு நிமிடம். அதுவும் வழியில் எங்கும் பிரேக் பிடிக்காமல் அந்த வேகத்தில் போக முடிந்தால்தான். வழியில் ஒரு சாயா குடித்தால் அந்தப் பதினொரு நிமிடமும் போயிற்று.

இனி முந்துவதற்கு ஆகும் இடத்தைப் பார்ப்போம். முன்னால் ஒரு பேருந்து 50-ல் போகிறது, நீங்கள் 65-ல் முந்துகிறீர்கள். இரண்டுக்கும் வேக வித்தியாசம் 15 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு நான்கு மீட்டர் சொச்சம். பேருந்தின் நீளம் 12 மீட்டர், அதன் பின்னால் விட்ட இடைவெளி 15 மீட்டர், முந்திய பிறகு விடவேண்டியது இன்னொரு 15. மொத்தம் 42 மீட்டர். இதைக் கடக்கப் பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடியில் நீங்கள் 180 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 60-ல் ஒரு வண்டி வந்தால் அதுவும் 165 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். ஆகவே முந்தத் தொடங்கும்போது உங்களுக்கு எதிரே 350 மீட்டர் காலியாகத் தெரியவேண்டும். 

அருமனையிலிருந்து குலசேகரம் போகும் சாலையையோ, கருங்கல் பக்கத்துச் சாலைகளையோ நினைத்துப் பாருங்கள். 350 மீட்டர் நேராகத் தெரியும் இடம் எத்தனை இருக்கிறது? அப்படியானால் அந்தச் சாலைகளில் முந்துவது என்ற பேச்சையே விட்டுவிடலாம். நமக்கு எதிரே தெரியாத இடத்தில் முந்துவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவெடுத்துவிட்டால், வழியில் ஒவ்வொரு வளைவிலும் மனசு தவிக்காது. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இனி பின்னால் நிதானமாகப் போகவேண்டியதுதான்.

இதோடு சேர்த்து மூன்று வினாடி இடைவெளியையும் பழகுங்கள். முன்வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று மனசுக்குள் எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள். இடைவெளி விட்டால் யாராவது நடுவில் புகுந்துவிடுவார்கள். புகட்டும். மறுபடி மூன்று வினாடி விடுங்கள்.

படி 3: சிவாலய ஓட்டப் பாதையில் ஒரு நாள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நெடும்பயணத்துக்கு முன் செய்யவேண்டிய ஒத்திகையை நம் மாவட்டமே தயாராக வைத்திருக்கிறது.

மகா சிவராத்திரிக்கு முன்தினம் முஞ்சிறையில் உள்ள திருமலைக் கோயிலில் தொடங்கி, கல்குளம், விளவங்கோடு வட்டாரத்துப் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு பக்தர்கள் கால்நடையாக ஓடுவது நமக்குத் தெரியும். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். கையில் விசிறியோடு ‘கோவிந்தா கோபாலா’ என்று சொல்லிக்கொண்டு சிவன் கோயிலுக்கு ஓடுகிற வழக்கம் நம் ஊருக்கே உரியது. இப்போது பலர் பைக்கிலும் காரிலும் போகிறார்கள்.

திருவிழா நாளில் வேண்டாம், அன்று சாலை ஓடுகிறவர்களுக்கு. சாதாரண ஒரு வார நாளில், தனியாக, இந்தப் பன்னிரண்டு இடங்களையும் அதே வரிசையில் பைக்கில் சுற்றிவாருங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே போக விருப்பமில்லை என்றால் வாசல் நிழலில் நின்றுவிட்டு வரலாம். இதற்குச் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. நாள் முழுக்க ஒரு வண்டியையும் முந்தக்கூடாது, நின்றுகொண்டிருக்கும் வண்டியைத் தவிர. ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது கால்மணி நேரம் இறங்கி நிற்கவேண்டும், அந்த நேரத்தில் செல்போனைத் தொடக்கூடாது. மேப் பார்க்கக்கூடாது, வழி கேட்டே போகவேண்டும்.

கடைசிக் கட்டுப்பாடுதான் பலருக்குக் கஷ்டம். ஆனால் பலன் அதிகம் தருவதும் அதுதான். பொன்மனைக்குப் பக்கத்தில் நின்று பன்னிப்பாகத்துக்கு வழி கேட்டால், பெரியவர் ஒருவர் முழு வழியையும் சொல்லமாட்டார். “நேரா போ மக்களே, ஒரு புளிமூடு வரும், அங்க போயி கேளு” என்பார். அவ்வளவுதான். அடுத்த புளிமூடு (புளியமரத்தடி) வரைக்கும் உங்களுக்குத் தெரியும், அதற்கப்பால் தெரியாது. நெடும்பயணத்தில் மனசு கெடுவது 600 கிலோமீட்டரையும் ஒரே நேரத்தில் நினைப்பதால்தான். அடுத்த நிறுத்தம் வரைக்கும் மட்டும் தெரிந்துகொண்டு ஓட்டப் பழகினால் தூரம் அச்சுறுத்தாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, பன்னிரண்டு இடத்தில் வழி கேட்டுப் போய்ப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

நடுப்பகலில் கோயில்களில் நடை சாத்தியிருக்கும். அதற்காக அவசரப்பட்டுக் காலையிலேயே முடிக்கப் பார்க்காதீர்கள். கல்குளம் பக்கம் அந்த நேரம் வந்தால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கலாம் (திங்கட்கிழமை விடுமுறை). திற்பரப்பில் அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காரலாம். குலசேகரத்தில் ஒரு தட்டுக்கடையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடலாம். ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள் ரப்பர் தோட்டத்து வளைவுகளில் கவனமாக இருங்கள். ரப்பர் இலை கொட்டும் காலம் அது, காய்ந்த சருகின் மேல் டயர் வழுக்கும்.

மாலையில் திருநட்டாலம் வந்து சேரும்போது உடம்பு எப்படி இருக்கிறது, எத்தனையாவது கோயிலில் ‘போதும், வீட்டுக்குப் போகலாம்’ என்று தோன்றியது என்பதை நோட்டில் எழுதுங்கள். ஏழாவதிலோ எட்டாவதிலோ அப்படித் தோன்றினால் அது உங்கள் அளவு. நெடும்பயணத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

படி 4: வண்டியும் பையும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மெக்கானிக் உங்களுக்கு இதைவிட நன்றாகச் சொல்வார். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சர்வீஸ் முடித்து, அதன் பிறகு நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். முதல்நாள் மாலை சர்வீஸ் எடுத்து மறுநாள் அதிகாலை கிளம்பினால், எங்கே சத்தம் கேட்டாலும் மனசு பதறும்.

பையில் பஞ்சர் கிட், கையால் அடிக்கும் காற்றுப் பம்ப், ஒரு கிளட்ச் கேபிள், ஃபியூஸ், செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் எண்ணெய்) இருக்கட்டும். புதிய கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளுக்குப் பக்கத்திலேயே ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிட்டால் வழியில் அறுந்தாலும் இரண்டு முனையையும் மாற்றினால் போதும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் அடியுங்கள். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

மூட்டை கனமாக இருந்தால் பொறுமை குறையும். ஒவ்வொரு லாட்ஜிலும் அரைமணி நேரம் அவிழ்த்துக் கட்டவேண்டியிருந்தால் மூன்றாம் நாள் வெறுப்பு வந்துவிடும். இரண்டு நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடிய ஒரே பையாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: நாள் கணக்கில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்

கன்னியாகுமரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 680 கிலோமீட்டர். ஒரே நாளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமை பழகவேண்டும் என்று நினைக்கிறவர் அதை மூன்று நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் மதுரை, சுமார் 240 கிலோமீட்டர். இரண்டாம் நாள் திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாகச் சேலம், அதுவும் கிட்டத்தட்ட அதே தூரம். மூன்றாம் நாள் தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர்.

நான்கு வழிச் சாலையில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், நிறுத்தங்களையெல்லாம் சேர்த்தால் மணிக்கு 45 முதல் 50 கிலோமீட்டர்தான் சராசரி வரும். இந்தச் சராசரியை வைத்தே திட்டமிடுங்கள். மேப் நான்கரை மணி நேரம் என்று காட்டினால் அதை நம்பி யாரிடமும் வந்து சேரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். “மதியம் சாப்பாட்டுக்கு வந்துருவேன்” என்று மதுரையில் இருக்கும் அத்தையிடம் சொல்லிவிட்டால், விருதுநகர் தாண்டியதும் அந்த வாக்கு உங்கள் வலது கையை முறுக்கும். “சாயங்காலத்துக்குள்ள வருவேன் அத்தை, காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லுங்கள்.

நீண்ட பயணமென்றால் ஐந்து நாளுக்கு ஒரு நாளை எதுவும் திட்டமிடாத நாளாக வையுங்கள். மழை, பஞ்சர், உடம்பு வலி எது வந்தாலும் அந்த நாள் தாங்கிக்கொள்ளும். ஒன்றும் வரவில்லை என்றால் துணி துவைத்துவிட்டுத் தூங்கலாம். இந்த ஒரு நாள் கையிருப்பில் இருக்கிறது என்ற நினைப்பே அவசரத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் தங்கும் இடம் பாருங்கள்.

படி 6: ஆரல்வாய்மொழிக் காற்று

நாகர்கோவிலிலிருந்து கிளம்பி வெள்ளமடம், தோவாளை தாண்டியதும் முதல் சோதனை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலைகளுக்கு இடையே உள்ள இந்தக் கணவாயில் நெருக்கிக்கொண்டு வீசுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

பக்கக் காற்று தள்ளும்போது நம் கை தானாக ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும். இறுக்க இறுக்க வண்டி அதிகம் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்து, வேகத்தை 50-க்குக் குறைத்துப் போங்கள். லாரிக்குப் பக்கத்தில் போகும்போது காற்று நின்றதுபோல் இருக்கும், லாரியைத் தாண்டிய நொடியில் மொத்தமாக வந்து அறையும். அதனால் காற்றுக் காலத்தில் இங்கே லாரியை முந்தாமல் பின்னாலேயே போவது நல்லது. அரைமணி நேரத்தில் காவல்கிணறு வந்துவிடும், அங்கே இறங்கி நிதானமாக ஒரு சாயா குடியுங்கள்.

சாலையோடும் காற்றோடும் மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது என்பதைப் பயணத்தின் முதல் மணி நேரத்திலேயே உடம்பு கற்றுக்கொள்வது ஒரு நல்ல தொடக்கம். வடக்கிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு இது கடைசியில்தான் கிடைக்கும், நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

படி 7: உடம்பைக் கவனித்தால் மனசு தானாக நிற்கும்

வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி, கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் என்று போகும் சாலை நேரானது, நிழல் குறைந்தது. நம் ஊர்த் தென்னந்தோப்புக்கும் ரப்பர் நிழலுக்கும் பழகியவர்களுக்குக் கரிசல் காட்டு வெயில் வேறு மாதிரி இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஓட்டினால், அல்லது 80 கிலோமீட்டர் போனால், களைப்பே இல்லையென்றாலும் நிறுத்துங்கள். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் நடங்கள்.

அவசரம் வரப்போகிறது என்பதற்கு முதல் அறிகுறியே நிறுத்தத்தைத் தள்ளிப்போடுவதுதான். ‘இன்னும் பத்து கிலோமீட்டர் போய் நிற்கலாம்’ என்று தோன்றினால் உடனே, அடுத்து வரும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு முக்கியம். காலை இட்லி நல்லது. மதியம் அன்லிமிடெட் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடனே வண்டி எடுக்காதீர்கள், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை உடம்பு இயல்பாகவே தூக்கத்தைத் தேடும் நேரம். அந்த நேரத்தில் இருபது நிமிடம் கண்ணை மூடிக் கிடப்பது எந்த எனர்ஜி டிரிங்கை விடவும் மேல். பெட்ரோல் பங்கில் கேட்டால் பெரும்பாலும் நிழலில் படுக்க இடம் தருவார்கள். ஜாக்கெட் பையில் இரண்டு கோவில்பட்டி கடலைமிட்டாய் வைத்திருங்கள். வெயிலில் சாக்லேட்போல உருகாது, பசி வந்து கோபமாக மாறுவதற்கு முன் வாயில் போட்டுக்கொள்ளலாம்.

காதுக்கும் களைப்பு உண்டு. ஹெல்மெட்டுக்குள் நாள் முழுக்க இரைகிற காற்றுச் சத்தம் மனசை நைத்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் மென்மையான இயர் பிளக் போட்டுப் பாருங்கள். காற்றின் இரைச்சல் குறையும், ஹாரன் கேட்கும். ஊருக்குள் பழகிய பிறகு ஹைவேயில் போடுங்கள்.

படி 8: பிறர் செய்யும் தவறுக்கு என்ன செய்வது

எதிர்த்திசையில் டிராக்டர் வரும். நடுவழியில் ஆட்டு மந்தை வரும். உங்களை ஒட்டி உரசுவதுபோல் ஒரு கார் போகும், கை நடுங்கும், துரத்திப் போய்க் கேட்கத் தோன்றும். தனியாகப் போகிறவருக்கு இது மிக ஆபத்தான நிமிடம். அந்த நேரம் கை நடுங்குவது இயற்கை, பயத்தில் உடம்பு அப்படித்தான் செய்யும். அதற்குத் தேவை நேரம் மட்டும்தான். வேகத்தைக் குறைத்து, அடுத்த கடையில் நிறுத்தி, பத்து நிமிடம் உட்காருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கார் பத்துக் கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும், துரத்துவது என்ற கேள்வியே முடிந்துபோகும்.

ஹாரனைப் பதிலடியாக அடிக்காதீர்கள். ஹைபீம் போட்டு வருகிறவருக்கு நீங்களும் ஹைபீம் போட்டால் இரண்டு பேருக்கும் சாலை தெரியாது. சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரமாகத் தனி வழி இருக்கும். அதில் ஆட்டோவும் மாடும் நின்றாலும் நின்று போங்கள்.

படி 9: வண்டி நின்றுவிட்டால்

நிற்கும். என்றாவது ஒரு நாள் நிச்சயம் நிற்கும். அப்போது செய்யவேண்டிய வரிசையை இப்போதே மனப்பாடம் செய்துகொண்டால் பதற்றம் குறையும். முதலில் வண்டியைத் தார்ச்சாலையிலிருந்து முழுவதும் இறக்குங்கள். அப்புறம் நிழலுக்குப் போங்கள். தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் வண்டியைத் தொடவேண்டும். விபத்து, காயம் என்றால் 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. வேறெந்த ஆபத்துக்கும் 112.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் நீங்களே சரி செய்யலாம். ஆணியைப் பிடுங்கி, துளையை ரம்பக் கம்பியால் சுத்தம் செய்து, பசை தடவிய ஸ்டிரிப்பை ஊசியில் கோத்து உள்ளே குத்தி, ஊசியை மட்டும் வெளியே இழுத்து, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்றடிக்கவேண்டும். வீட்டில் பழைய டயர் ஒன்றில் இதைச் செய்து பழகுங்கள். டியூப் டயர் என்றால் காற்றில்லாமல் உருட்டி ஓட்டாதீர்கள், பஞ்சர் கடைக்காரரை வரவழையுங்கள்.

மெக்கானிக் கிடைத்துவிட்டால் அவருடைய நேரத்துக்கு நீங்கள் போகவேண்டும். சாத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். “தம்பி, சோறு தின்னுட்டு வந்து பாக்கேன், இரும்” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். “சரிண்ணே, மெதுவா வாங்க” என்று பெஞ்சில் படுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், பேட்டரி முனையில் தளர்ந்திருந்த போல்ட்டை இறுக்கினார். வண்டி எடுத்தது. காசு வாங்க மறுத்து, குமரிக்காரர்கள் சாயா என்று சொல்வதைக் கேட்கப் பிடிக்கும் என்று சொல்லி எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அவசரப்பட்டு வேறு ஆளைக் கூப்பிட்டிருந்தால் பேட்டரியையே மாற்றச் சொல்லியிருக்கக்கூடும்.

படி 10: தனிமையும் வீட்டாரும்

முதல் இரண்டு நாள் புதுமையில் போய்விடும். மூன்றாம் நாள் நண்பகலில் ஒரு சலிப்பு வரும். சாலை ஒரே மாதிரி நீளும், பேச ஆளில்லை, பழைய சண்டையெல்லாம் ஞாபகத்துக்கு வரும். பாட்டுப் போட்டு அதை அமுக்கவேண்டாம் என்பது என் கருத்து. சலிப்பில்தான் கை தானாக ஆக்சிலேட்டரைத் திருகும், அதைக் கவனிக்க மனசு விழிப்பாக இருக்கவேண்டும். அந்த நேரத்தில் சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள். அடுத்த ஊர்ப் பெயர்ப் பலகை வரை மிரரை முறை வைத்துப் பார்ப்பது, தோளும் தாடையும் இறுகியிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துவது. இறங்கும் இடத்தில் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். பெண்கள் தனியாகப் போகும்போது குடும்பங்கள் வந்துபோகும் உணவகங்களையும் பெரிய பங்குகளையும் நிறுத்தத்துக்குத் தேர்ந்தெடுப்பது மனசுக்கு நிம்மதி தரும், எங்கே தங்குகிறோம் என்பதை வழியில் கேட்பவரிடம் சொல்லவேண்டியதில்லை.

வீட்டாருக்கும் பொறுமை வேண்டும். நீங்கள் ஓட்டும்போது அம்மா நான்கு முறை கூப்பிட்டால் உங்கள் பொறுமையும் போகும், அவர்களுடையதும் போகும். கிளம்பும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். “அம்மா, காலைல வண்டி எடுக்கும்போது ஒரு போன், சாயங்காலம் ரூமுக்குப் போனதும் ஒரு போன். நடுவுல எடுக்கலன்னா ஓட்டிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கங்க. ராத்திரி எட்டு மணி வரைக்கும் வரலன்னா மட்டும் தேடுங்க.” இப்படி ஒரு நேரம் குறித்துவிட்டு, அதை நீங்கள் ஒருநாளும் தவறக்கூடாது. லைவ் லொக்கேஷனை ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேரும் ‘ஏன் நிக்குது?’ என்று கேட்பார்கள்.

படி 11: திரும்பும் வழியின் கடைசி 80 கிலோமீட்டர்

திரும்பி வருகிறவருக்குத் திருநெல்வேலி தாண்டியதும் வீட்டு வாசனை அடிக்கும். முப்பந்தல் காற்றாலைகள் தெரிந்ததும் கை தன்னால் முறுக்கும். நாள் முழுக்க ஓட்டிய களைப்பும் தெரிந்த சாலை என்ற தைரியமும் ஒன்றாகச் சேரும் இடம் இது. நாலு மணிக்குப் பிறகுதான் திருநெல்வேலி வந்திருக்கிறீர்கள் என்றால், உடம்பு சோர்ந்திருந்தால், அங்கேயே தங்கிவிடுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். காலையில் வந்தால் தோவாளைச் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

வீடு சேர்ந்த மறுநாள் வண்டியைக் கழுவும் முன் செயின் தளர்வு, பிரேக் பேட், டயரில் கல் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நோட்டைத் திறந்து, எரிச்சல் வந்த நேரங்களைப் பயணத்துக்கு முன் எழுதியதோடு ஒப்பிடுங்கள். எது மறைந்தது, எது புதிதாக வந்தது என்று தெரியும். மறையாமல் நிற்பதை அடுத்த ஒரு மாதம் களியக்காவிளைச் சாலையில் வைத்துப் பழகுங்கள்.

அடுத்த பயணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் ஆடிக் காற்றையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் விட்டுவிட்டுத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாக்பூரையும் தாண்டி வடக்கே போகிறவர்கள் மட்டும் கவனிக்கவும்: ஜனவரியில் அங்கே காலை மூடுபனி விலகும்வரை வண்டி எடுக்க முடியாது, சில நாள் ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். அதற்கேற்ப ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு, விடுப்பைக் கூடுதலாகவே எடுங்கள்.